மூச்சைப் பிடித்துத் தைத்த கவுன்

என் அக்காவுக்குக் கல்யாணம் என்று நான் சொன்னபோது எதிர்வீட்டு டீச்சர், யாருக்கு என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டிருந்தால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அக்காவுக்கு வயது அறுபத்து நான்கு. அதனால் என்ன? எனக்கும்தான் அறுபது முடிந்துவிட்டது. கோபம் ஒரு சொட்டும் குறையாமல் வருகிறது. எனக்குக் கோபம் வரலாம், அவளுக்குக் கல்யாண ஆசை வரக் கூடாதாமா?

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்காவின் புருஷன் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகன் குடும்பத்தோடு வெளியூரில். நான் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள், போகட்டும். அக்கா அப்படி இல்லை. பொறுமைசாலி, அதிர்ந்து பேச மாட்டாள். ஒரு இடத்தில் மட்டும் அவள் குரல் கட்டடமே கேட்கிற மாதிரி எழும். அது ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை.

அந்த அறையில் அவள் முப்பது வருஷம் வேலை பார்த்தாள். தடிமனான கதவு, மங்கலான விளக்கு, எப்போதும் சில்லென்று ஒரு பலகை. வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரே பாட்டுதான். சட்டையைக் கழட்டுங்க, நெஞ்சைப் பலகையில ஒட்டி நில்லுங்க, தாடையைத் தூக்குங்க, தோளை முன்னால தள்ளுங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க. இதைச் சொல்லிவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய் பட்டனை அழுத்துவாள். ஊரையே ஆட்டி வைக்கிற பெரிய மனிதர்கள்கூட அவளுக்கு முன்னால் கன்னம் உப்பி, மூச்சைப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்பார்கள். தெருவில் எல்லாரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். யாருடைய தொப்பையையும் கூனையும் பார்த்து அவள் சிரித்ததாக ஒரு பேச்சு கிடையாது. உள்ளே எல்லாரும் சாம்பல் கலர்தான் என்பாள்.

அவளுடைய சொந்த உடம்பு என்று வந்தால் மட்டும் இந்த ஞானம் எல்லாம் எங்கேயோ போய்விடும். வேலையில் இருந்தவரை முழுக்கை வெள்ளைக் கோட்டு, கழுத்துவரை பட்டன். ஓய்வு பெற்ற பிறகு கோட்டு போய், திரைச்சீலை மாதிரி தொளதொள கவுன்கள் வந்தன. கருநீலம், பழுப்பு, மறுபடி கருநீலம். எவ்வளவு புழுங்கினாலும் கை மணிக்கட்டு வரை மூடியிருக்கும். மேல்கைச் சதை தொங்குகிறதாம். யாருக்காவது கையாட்டி முடித்து, அவர்கள் தெரு திரும்பிப் போன பிறகும் அது ஆடிக்கொண்டே இருக்கிறதாம். வீட்டில் அவள் பார்க்கிற கண்ணாடி முகம் மட்டும் தெரிகிற அளவுதான். கழுத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமே இல்லை.

நான் நேரெதிர். என் உடம்போடு நான் தினமும் வாய்விட்டுச் சண்டை போடுகிறேன். காலையில் நான் எழுந்திருப்பதற்குள் என் முழங்கால்கள் சத்தம் போட்டு வீட்டை எழுப்பிவிடும். தலையில் கொட்டுகிற முடி போதாதென்று தாடையில் ஒன்று முளைக்கிறது, அதைப் பிடுங்க மூக்குக்கண்ணாடி வேண்டும், மூக்குக்கண்ணாடியைத் தேட இன்னொரு மூக்குக்கண்ணாடி வேண்டும். மார்பு இடுப்பைப் பார்க்கப் போய்விட்டது. இடுப்பு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. இடுப்பில் எலாஸ்டிக் வைக்கலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியதோ, அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் நானெல்லாம் வெளியே தலைகாட்டவே முடியாது.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் டிரைவர் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பெண்சாதி இல்லாதவர், பஸ் படியில் வழுக்கி விழுந்து தோளில் விரிசலோடு அக்காவிடம் படம் எடுக்க வந்தவர். எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் மனிதர் வாராவாரம் அந்தப் பழைய படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்த இடத்தில் என்ன இருக்கிறது, கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள் என்று நிற்பாராம். ஆறிப்போன எலும்பில் விளக்க என்ன இருக்கிறது? அக்கா ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கே வர ஆரம்பித்தார். நான் முதலில் முறைத்தேன். பிறகு எங்கள் சமையலறைக் குழாயை ஒரு நாள் சொட்டுச் சொட்டாக ஒழுகாமல் பண்ணிக் கொடுத்தார், முறைப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அக்கா வெளியே போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்புக்கு முன்னால் நின்றாள். முகம் சிவந்திருந்தது. பாலை எடுத்துச் சர்க்கரை டப்பாவில் ஊற்றப் போனாள். பிடுங்கி வைத்துவிட்டு என்ன விஷயம் என்றேன். டிரைவர் பஸ் நிறுத்தத்தில் வைத்துக் கேட்டுவிட்டாராம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று. நீ என்ன சொன்னாய் என்று நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். தலையாட்டினாளாம். நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலைத் திறந்தார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் யாருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஒருவரைப் புதிதாக அத்தான் என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று நான் குளியலறையில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். மகன் போனில் அழுதுகொண்டே சிரித்தான். பிள்ளைகளுக்குப் பரீட்சை, வர முடியாது, ஆனால் நல்லபடியாகப் பண்ணிக்கோ அம்மா என்றான். பதிவு அலுவலகத்தில் தேதி கிடைத்தது. அப்போதுதான் அக்கா குண்டைத் தூக்கிப் போட்டாள். கல்யாணத்துக்குச் சிவப்புக் கவுன் வேண்டுமாம். கையில்லாத கவுன். இடுப்பைப் பிடித்தபடி தைத்த கவுன்.

நான் அவளைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அவரோட எலும்பு வரைக்கும் நான் பாத்துட்டேன்டி. அவர் என் மூஞ்சியைத் தவிர எதையும் பாத்ததில்ல. மீதி எல்லாம் கோட்டுக்குள்ளயும் கவுனுக்குள்ளயுமே இருந்துச்சு. பாத்தா என்ன நினைப்பாரோ. அந்த ஒரு நாளாவது நான் அழகா நிக்கணும். அது முடியாதுன்னா, நான் வரலைன்னு நீயே போய் அவர்கிட்ட சொல்லிடு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கவுன் சரியாக அமையாவிட்டால் கல்யாணம் கிடையாது, அவ்வளவுதான். எங்கிருந்துதான் வருகிறதோ இந்த அழுத்தம்.

முதலில் உள்ளாடைக் கடைக்குப் போனோம். அங்கே இருந்த பெண், வயிற்றையும் இடுப்பையும் ஒரே பிடியாக இறுக்கிவைக்கிற ஒன்றைக் காட்டினாள். பார்க்கக் கைக்குழந்தையின் காலுறை அளவு இருந்தது. இழுத்தால் நீளுமாம். அக்கா அதை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரம் சுவரில் இடிக்கிற சத்தம், பிறகு நிசப்தம், பிறகு மெல்லிய குரலில் என் பெயர். அதற்குள்ளே போவதற்கு அவளுக்குத் தெம்பு இருந்திருக்கிறது, அதிலிருந்து வெளியே வருவதற்கு நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு வேறொரு அவசரம் வந்துவிட்டது. எங்கள் வயதில் சிரிப்பதற்கும் ஓடுவதற்கும் இடையில் அதிக நேரம் கிடைப்பதில்லை. சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். எதுவும் இறுக்காமல், உள்ள உடம்புக்கே அளவெடுத்துத் தைப்பது என்று முடிவானது.

தையல்காரி எங்கள் அடுத்த தெரு. வாயில் குண்டூசிகளை வரிசையாகக் கவ்விக்கொண்டிருப்பாள், அதனால் பேச்சு கிடையாது, கண் முழுக்க டேப்பில் இருக்கும். அக்காவை நிற்க வைத்து அளவெடுத்தாள். அக்கா தாடையைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி, ஆடாமல் அசையாமல் நின்றாள். எவ்வளவு ஒத்துழைப்பு என்று நான்கூட மெச்சினேன். அடுத்த வாரம் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டபோதும் அப்படியே நின்றாள். சிவப்புக் கவுன் அவள்மேல் வழுவழுவென்று இறங்கியது. இடுப்பு இருந்தது! எங்கள் குடும்பத்தில் இத்தனை வருஷமாகக் காணாமல் போயிருந்த இடுப்பு! தையல்காரி குண்டூசிகளுக்கு இடையில் வசதியாக இருக்கிறதா என்று முனகினாள். அக்கா தலையை ஆட்டினாள். தையல்காரி மிச்சத் துணியை எல்லாம் ஒட்ட வெட்டிவிட்டு, உள்பக்கத்தை ஓரம் அடித்து முடித்துக் கொடுத்துவிட்டாள். மறுநாளே மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று காலை. நான் என் பச்சைச் சட்டையும் எலாஸ்டிக் பாவாடையும் போட்டு, தாடை முடியைப் பிடுங்கி, மகாராணி மாதிரி தயாராகிவிட்டேன். அக்கா கவுனை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டினாள். முதுகில் ஜிப். இழுத்தேன். பாதி வழியில் நின்றுவிட்டது. சோப்பைத் தேய்த்து இழுத்தேன். ம்ஹூம். ஒரே வாரத்தில் என்னத்தைத் தின்று தொலைத்தாய் என்று கத்தினேன். ஒன்றுமில்லை என்று பரிதாபமாகச் சொல்லிவிட்டு, அக்கா தாடையைத் தூக்கினாள், மூச்சை இழுத்துப் பிடித்தாள். ஜிப் சர்ரென்று மேலே போய்விட்டது.

நான் அவள் முன்பக்கம் வந்து நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கன்னம் உப்பியிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அளவெடுத்தபோதும் இப்படித்தான் நின்றாயா என்று கேட்டேன். தலையாட்டினாள். போட்டுப் பார்த்தபோதும்? அதற்கும் தலையாட்டினாள். உடம்பைப் பார்க்க யாராவது ஒரு சாமானோடு பக்கத்தில் வந்தால் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது, முப்பது வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, அவளுக்கே ரத்தத்தில் ஊறிவிட்டது. பாவி, அவளுக்கே தெரியாமல் பிடித்திருக்கிறாள். மூச்சுவிடாத ஒருத்திக்குத் தையல்காரி கண்ணும் கருத்துமாகக் கவுன் தைத்துக் கொடுத்திருக்கிறாள்!

கழற்றி எறி, அந்தக் கருநீலத்தைப் போட்டுக்கொள் என்றேன். ஜிப்பைத் திறந்துவிட்டு மேலே சால்வை போடுகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சை விட்டு அழுதால் கவுன் கிழியும், அதனால் அழவும் முடியவில்லை. சரி, உன் பாடு என்று நான் இறங்கி வந்தேன். இருக்கிற கொஞ்ச நேரத்தில் ஒத்திகை பார்த்தோம். நெஞ்சுக்கு மேலேயே குட்டிக் குட்டியாக மூச்சுவிட்டால் கவுன் தாங்குகிறது. நடக்கலாம். சிரிக்கக் கூடாது. பேச முயற்சி செய்தால் ஒரு சின்ன "ம்" மட்டும் வருகிறது. அங்கே தலையாட்டினால் போதும், பஸ் நிறுத்தத்தில் அப்படித்தானே சம்மதம் சொன்னாய் என்று நான் தைரியம் சொன்னேன்.

காரில் அவளால் உட்கார முடியவில்லை. பின் சீட்டில் பலகை மாதிரி சாய்த்து வைத்தேன், தலை என் மடியில், கால் எதிர்க் கதவில். கார்க்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். கல்யாணத்துக்குப் போகிறோம், முன்னால் பார்த்து ஓட்டுங்கள் என்றேன். வழியெல்லாம் பயமும் சந்தோஷமும் கலந்து, எனக்கே கல்யாணம் மாதிரி இருந்தது.

பதிவு அலுவலகம் இரண்டாவது மாடி. நீளமான நடை, பெஞ்சுகள், ஒரு பெரிய மேஜைக்குப் பின்னால் அதிகாரி அம்மா. டிரைவர் வெளிர் சாம்பல் கோட்டும் பேண்ட்டும் போட்டு, தலை படிய வாரி, சாட்சிக்குத் தன்னோடு வேலை பார்த்த கண்டக்டரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அக்கா நடையின் கோடியில் சிவப்பாக வந்ததைப் பார்த்ததும் மனிதர் பெஞ்சிலிருந்து எழுந்தார். எழுந்தவர் உட்காரவே இல்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையும் தெரிந்தது, இடுப்பும் தெரிந்தது, அக்கா சொன்னபடியே அழகாக நின்றாள்.

அந்த அதிகாரி அம்மா ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கிற ரகம். பெயர், அப்பா பெயர், முகவரி, அந்த விதி, இந்த விதி. அக்காவின் முகம் கவுன் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. நான் பின்னால் நின்று ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவரிடம் கேட்டார்கள். அவர் சம்மதம் என்று கணீரென்று சொன்னார். பிறகு அக்காவிடம் கேட்டார்கள், இவரைக் கணவராக ஏற்க உங்களுக்கு முழுச் சம்மதமா என்று. அக்கா தலையாட்டினாள்.

"தலையாட்டினா போதாதும்மா. வாயால சொல்லணும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் பிதுங்கியிருந்தது. "ம்" என்றாள். அதிகாரி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது விளையாட்டு இல்லை, யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார். அக்காவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், ஜென்மத்தில் முதல் தடவையாக வாய் அடைத்துக்கொண்டது. ஏனென்றால் டிரைவரின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அக்கா பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரி பேசினார். எல்லாருக்கும் கேட்டது.

"பரவாயில்லைங்க. மனசுக்கு ஒப்பலைன்னா சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். நானே பத்திரமா வீட்ல கொண்டு விட்டுடறேன்."

அக்கா அவரைப் பார்த்தாள். தன் இடுப்பைக் குனிந்து பார்த்தாள். பிறகு எல்லா மூச்சையும் விட்டாள்.

"சம்மதம்!"

எக்ஸ்ரே அறைக் குரல். நடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் குரலோடு சேர்ந்தே டர்ர்ரென்று இன்னொரு சத்தமும் கேட்டது. கவுனின் இடது பக்கத் தையல் அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை ஒரே ஓட்டமாகப் பிரிந்துவிட்டது. சத்தம் கேட்ட மறுகணம் டிரைவரின் கை சட்டென்று தன் பேண்ட்டின் பின்பக்கத்துக்குப் போனது. அவரும் பழைய பேண்ட்டில் எப்படியோ தன்னைத் திணித்துக்கொண்டு வந்திருக்கிறார், சத்தம் தன்னுடையது என்று நினைத்துவிட்டார்! தடவிப் பார்த்து, தன்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகுதான் அக்கா பக்கம் திரும்பினார்.

எல்லாம் வெளியே வந்திருந்தது. வயிறு, அதை வெட்டிக்கொண்டு போகிற பழைய ஆபரேஷன் தழும்பு, உள்பாவாடை நாடா, நாடாவின் மேல் வழிகிற சதை. இத்தனை வருஷம் மூடி வைத்ததெல்லாம் அரசாங்க அலுவலகத்தில் பட்டப்பகலில் வெட்டவெளிச்சமாகிவிட்டது. கண்டக்டர் நாகரிகமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு, ரைட், போலாம் என்று முனகினார். அதிகாரி அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு பேனாவை எடுத்து, சம்மதம் என்று எழுதினார். நான் சால்வையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா அதை வாங்கவில்லை. அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, நன்றாக, வயிறு முழுக்க.

இதற்காகவா இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தீர்கள் என்று டிரைவர் கேட்டார்.

"உங்க முன்னால நல்லா இருக்கணும்னு நினைச்சேன்" என்றாள் அக்கா. "இந்தத் துணிக்காக உங்களையே விட்டிருப்பேன். கிறுக்கச்சி நான்."

"நான் செத்தே போயிட்டேன்" என்றார் அவர்.

கையெழுத்துப் போட்டார்கள். நான் போட்டேன், கண்டக்டர் போட்டார். சால்வை என் கையிலேயே இருந்தது. கீழே இறங்கப் படிக்கட்டுக்கு வந்ததும் டிரைவர் அக்காவின் இடது பக்கமாக வந்து, அந்தக் கிழிசலை மறைக்கத் தன் கையை வைத்தார். கை துணியின்மேல் படவில்லை, நேராக அக்காவின் வயிற்றின்மேலேயே பட்டது. அவரும் எடுக்கவில்லை. அப்படியே ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அக்கா வயிற்றை உள்ளே இழுக்கவில்லை.